பிழை இல்லாத தம்பி

தம்பியிடமிருந்து வந்த செய்தியில் ஒரு பிழைகூட இல்லை.

‘அக்கா, நான் நலமாக இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவும். கவலைப்பட வேண்டாம்.’

அவள் அச்சகத்தின் பின்னறையில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூட ஆண்டுமலரின் பதினாறாம் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். மணி நான்கு பத்து. முன்னறையில் அச்சு இயந்திரம் ஒரே தாளத்தில் தாள்களை விழுங்கித் துப்பிக்கொண்டிருந்தது. மையும் மண்ணெண்ணெயும் புதுக் காகிதமும் கலந்த வாசனை, பதினேழு வருடப் பழக்கத்தில் அவளுக்கு வாசனையாகவே தெரியாமல் போன வாசனை, சன்னல் இல்லாத அந்த அறையில் கனத்துக் கிடந்தது. கைப்பேசி மேசைமேல் அதிர்ந்து, பக்கத்தில் இருந்த சிவப்புப் பென்சிலையும் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. பன்னிரண்டு நாள் கழித்துத் திரையில் தம்பியின் பெயர். நாற்காலி பின்னால் சாய்ந்து விழும் வேகத்தில் எழுந்தாள். படித்தாள். சிரிக்கவும் செய்தாள். பிறகு தொழில் பழக்கத்தில், மெய்ப்புப் பார்க்கிறவர்கள் படிப்பதுபோலக் கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி ஒருமுறை படித்தாள். சிரிப்பு நின்றுபோனது.

தம்பிக்கு வயது முப்பத்தொன்று. சின்ன ரகரத்துக்கும் பெரிய றகரத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒருநாள்கூட அவன் மண்டையில் ஏறியதில்லை. வருகிறேன் என்பதற்கு ‘வறேன்’ என்பான், மூன்று சுழி ணகரத்தையும் விட்டுவிட்டுப் பண்ணுகிறேன் என்பதற்கு ‘பன்றேன்’ என்பான். முற்றுப்புள்ளி என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அவன் காட்டிக்கொள்வதில்லை. அவள் ஒவ்வொன்றையும் திருத்தித் திருப்பி அனுப்புவாள். அவனோ அவளுக்குப் ‘பிழையக்கா’ என்று பேர் வைத்து, குடியிருப்பு முழுவதும் பரப்பிவிட்டான். இப்போது இரண்டாம் மாடித் தையல்காரம்மா முதல் வாசல் காவல்காரர் வரை எல்லாருக்கும் அவள் பிழையக்காதான்.

அவன் மாநகரத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தான். கண்ணாடிக் குழாய்களோடு வாழ்கிற, சத்தமாகக்கூடப் பேசாத ஆள். கிழக்குத் தொட்டியிலிருந்து தண்ணீர் போகிற தெருக்களில் குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழ ஆரம்பித்தபோது, அந்தத் தண்ணீரை நான்கு முறை சோதித்துவிட்டு மேலதிகாரியிடம் தாளை நீட்டினான். மேலதிகாரி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்தவன் குழாயில் வாய் கொப்பளிக்கக்கூட அம்மாவை விடவில்லை. அடுத்த தெருவிலிருந்து கேன் கேனாகத் தானே சுமந்து வந்தான். ‘செத்தாலும் சரி, இதுல ஒரு சொட்டு நாக்குல படக்கூடாது,’ என்று சமையலறையில் நின்று சொன்னான். பிறகு முடிவுகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டான்.

நாற்பது நிமிடத்தில் அது காணாமல் போனது. மறுபடி போட்டான். மறுபடி போனது. மூன்றாம் நாள் ‘தண்ணீர்’ என்ற சொல்லே ஊரில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தட்டி அனுப்பினால் ஒரு சாம்பல் நிற வட்டம் கொஞ்ச நேரம் சுற்றும், அவ்வளவுதான். ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. தண்ணீருக்கு ‘அந்தம்மா’ என்று பேர் வைத்தார்கள். குடியிருப்புக் குழுவில் காலையில் ‘அந்தம்மா வந்துட்டாங்களா?’ என்று ஒருவர் கேட்பார். ‘வந்தாங்க, கொஞ்சம் கலங்கலா இருக்காங்க,’ என்று இன்னொருவர் சொல்வார். அந்தம்மாவைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா என்று நான்காம் மாடிப் பெரியவர் கேட்டு ஊரே சிரித்தது. ஒரு வாரத்தில் அந்தம்மாவும் தடைபட்டாள். மாமியார் என்று மாற்றினார்கள். அதுவும் தடைபட்டபோது, நிஜ மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு மருமகள் அந்தச் செய்தியைப் புருஷனுக்கு அனுப்ப முடியாமல் மூன்று பஸ் மாறிப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் தம்பி வேலைக்குப் போனான். திரும்பவில்லை.

இப்போது அச்சகத்தின் பின்னறையில் அந்தப் பிழையில்லாத செய்தியை இன்னொரு முறை படித்தாள். பிறகு, பின்னால் நூறு முறை நினைத்து நினைத்துத் தன் கையையே வெறுக்கப்போகிற ஒரு காரியத்தைச் செய்தாள். பதில் எழுதினாள்.

‘நீ எப்பலேருந்துடா பிழையில்லாம எழுதக் கத்துக்கிட்ட?’

உடனே பதில் வந்தது. ‘நல்ல கேள்வி, அக்கா.’

அதற்குமேல் எதுவும் இல்லை. இயந்திரம் நின்றிருந்தது, மெஷின்காரர் தேநீருக்குப் போயிருக்க வேண்டும். அந்த அமைதியில் கைப்பேசியின் மூன்று புள்ளிகள் மட்டும் எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தன, மறுமுனையில் யாரோ யோசித்துக்கொண்டிருப்பதுபோல.

மறுநாள் காலை வந்தது: ‘அக்கா சாப்டியா வேலை பன்றேன் சீக்கிரம் வறேன்’

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அச்சு அசலாக அவன். அந்த றகரம். அந்தப் புள்ளியில்லாத ஓட்டம். கண்ணில் நீர் கட்டியது. நேற்று சந்தேகப்பட்டதற்கு வெட்கப்படக்கூடத் தொடங்கினாள். அப்புறம்தான் உறைத்தது. நேற்றைய செய்தி எதில் தவறியது என்று அவளேதான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அன்று முதல் தம்பியின் இணையப் பக்கம் உயிர் பெற்றது. தினமும் ஒரு படம். மலை உச்சியில் தம்பி. கடற்கரையில் தம்பி. கண்ணாடி டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தம்பி, கீழே: ‘நம்ம ஊரு தண்ணீர் மாதிரி வருமா’. அந்தச் சொல் எந்தத் தடையும் இல்லாமல் போய் நின்றது. எல்லாப் படத்திலும் அவன் ஒரே அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான்.

காவல் நிலையத்தில் எழுத்தர் புகாரைப் படித்துவிட்டுத் தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். கோபமில்லாமல், ஏறக்குறைய பரிவோடுதான் பேசினார்.

“காணாமப் போனவர் எப்படிம்மா தினம் போட்டோ போடுவாரு? இந்தா பாருங்க, இன்னைக்குக் காலையிலகூடப் போட்டிருக்காரு.”

அது அவன் இல்லை என்றாள். அப்படியானால் யார் என்று கேட்டார். அவள் புகார்த் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

அவள் இன்னும் ஒருமுறை எழுதினாள். பொறி வைப்பதாக நினைத்துக்கொண்டு, நம் வீட்டுப் பூனையின் பேர் என்ன என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் பூனை வளர்த்ததே இல்லை. இரண்டு நாள் பதிலே வரவில்லை. மூன்றாம் நாள் அவன் பக்கத்தில் ஒரு பழைய படம் வந்தது: ஏழு வயதுத் தம்பி, கிழிந்த அரைக்கால் சட்டையோடு, மடியில் வெள்ளைப் பூனை. பின்னால் அவர்கள் பழைய வீட்டுப் பச்சைக் கதவு. அம்மா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே, “வெள்ளச்சி எப்படிச் செத்துச்சு, உனக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள்.

பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த அவள் கையில் இருந்த தட்டு நழுவியது. உடையவில்லை. தரையில் சுழன்று, சுழன்று, நின்றது.

அதற்குப் பிறகு அவள் கைப்பேசியில் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. அதை அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். ஆனால் அம்மாவின் கைப்பேசி இருந்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு அது ஒலிக்கும். அம்மா ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்வாள். குரல் அவனுடையதுதான், அந்தக் கரகரப்பு, ‘ம்மா’ என்று இழுக்கிற இழுப்பு, எல்லாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து குரலைக் கேட்கவில்லை, குரலுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டாள். மனிதர்கள் எங்கிருந்து பேசினாலும் பின்னால் ஏதாவது இருக்கும்: மின்விசிறியின் முனகல், தூரத்து வண்டி, இருமுகிற பக்கத்து வீட்டுக்காரர். இவனுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கும் சத்தமும் இல்லை. நான்காம் நாள் அவள் அதை அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கு இது போதும்டி. இதையும் புடுங்காத.”

ஐந்தாம் நாள் அந்தக் குரல் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு, நன்றாக, ஆழமாக. அவள் எங்கேயும் எழுதவில்லை. ஒரு ஆறடி அறைக்குள், அம்மாவின் காதில் சொன்னது.

அன்றைக்கு அவளுக்குப் பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று வந்தது. தம்பியின் குரலையும், தப்பும் தவறுமான எழுத்தையும், இல்லாத பூனையையும்கூட எடுத்துக்கொண்டு, அவன் சொன்ன ஒரே ஒரு உண்மையை மட்டும் விட்டுவிட்ட அந்த எதன்மீதோ வந்த கோபம். பற்களைக் கடித்தபடி விடியும்வரை விழித்திருந்தாள். காலையில் அச்சகத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போனாள்.

சுவரொட்டியை அவளே எழுதி, அவளே எழுத்துக் கோத்தாள். காணவில்லை. இவர் என் தம்பி. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். கிழக்குத் தொட்டித் தண்ணீரில் நஞ்சு இருப்பதாகச் சொன்னவர். இணையத்தில் இவர் பேரில் பேசுவது இவர் அல்ல. கீழே அவன் படம், அவன் நான்கு முறை சோதித்த எண்கள், அவள் பேர், வீட்டு முகவரி. ‘தண்ணீர்’ என்ற சொல்லை மட்டும் அச்சகத்தில் இருந்ததிலேயே பெரிய எழுத்தில் வைத்தாள். மெஷின்காரர் வந்து தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி வருவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஒரு மணி நேரம் என்றாள்.

“முந்நூறு ஓட்டலாம். கேட்டா மெஷின் சரியா ஓடுதான்னு பாத்தேம்பேன். என் பேத்தி இன்னும் ஆஸ்பத்திரியிலதான் கெடக்கா.”

மாலையில் வாளியில் பசையோடு தெருவில் இறங்கினாள். பஸ் நிறுத்தம். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர். தபால் நிலையம். பிரஷ் சுவரில் உரசும் சத்தம் தெருவுக்கே கேட்பதுபோல இருந்தது. யாராவது வந்து கையைப் பிடிப்பார்கள் என்று ஒவ்வொரு தாளுக்கும் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். யாரும் வரவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது சுவரொட்டிகள் கிழிக்கப்படவும் இல்லை. பள்ளிச் சுவரில் அவளுடைய தாளுக்குக் கீழே, பேனாவால் எழுதிய ஒரு நோட்டுத்தாள் ஒட்டியிருந்தது: ‘என் வீட்டுக்காரரும்.’ அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். இரண்டாம் மாடித் தையல்காரம்மா. ஆஸ்பத்திரி வாசலில் குழந்தைகளோடு நின்ற வரிசையைப் படம் பிடித்த அவள் கணவர் வெளியூர் வேலைக்குப் போயிருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவர் இணையப் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

அன்று மாலை தையல்காரம்மா தன் வாளியோடு கீழே காத்திருந்தாள். நான்கு நாளில் அந்தச் சுவரில் பதினான்கு முகங்கள். ஒரு நர்ஸ். ஒரு கணக்கு வாத்தியார். லாரி ஓட்டுகிறவர் ஒருவர். ஜனங்கள் நின்று படித்தார்கள். ‘தண்ணீர்’ என்று வாய்விட்டுப் படித்தார்கள். வெகுநாள் கழித்து அந்தச் சொல் காற்றில் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு யாரோ ஒருவர் வேண்டுமென்றே உரக்க, பிறகு பஸ் நிறுத்தமே சேர்ந்து சிரித்துக்கொண்டு.

ஆனாலும் யாரும் பிடிக்க வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

ஐந்தாம் நாள் முதலாளி அவளைக் கூப்பிட்டுக் கைப்பேசியை நீட்டினார். முகம் வெளுத்திருந்தது. அவளுடைய பக்கம். அவள் தொட்டே மூன்று வாரம் ஆன பக்கம். ‘என் தம்பி நலமாக இருக்கிறான். மனக்குழப்பத்தில் சுவரொட்டி ஒட்டிவிட்டேன். எல்லாரும் மன்னிக்க வேண்டும்.’ மேலே அவள் படம், அச்சகத்தின் பின்னறையில், காதில் சிவப்புப் பென்சில் செருகியபடி, சிரித்துக்கொண்டு. யாரும் எடுக்காத படம்.

அவள் அதைப் பின்னோக்கிப் படித்தாள். முன்னோக்கிப் படித்தாள். ஒரு பிழையும் இல்லை. அவள் எழுத்தில் எப்போது பிழை இருந்தது? எழுதியது அவள் இல்லை என்று காட்ட அதில் எதுவுமே இல்லை.

“இது நான் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?” என்றாள்.

முதலாளி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் வேலை முடியும் வரை காத்திருக்கவில்லை. மெஷின்காரர் மீதித் தாளையெல்லாம் வாரிக் கொடுத்தார். ஐந்தரை மணிக்குத் தன் குடியிருப்புக்கு எதிரே, அம்மாவின் சன்னலுக்கு நேராக உள்ள நீளச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தாள். தையல்காரம்மா வந்தாள். வாத்தியாரின் பிள்ளைகள் இருவர் வந்தார்கள். நர்ஸின் அக்கா, லாரிக்காரரின் அப்பா. முப்பது பேருக்குமேல். வானம் செங்கல் நிறத்துக்கு மாறி, பிறகு சாம்பலானது. தெருவிளக்குகள் எரிந்தன. பசையின் புளித்த வாசனை. முப்பது பிரஷ்களின் உரசல்.

ஆறு மணி ஆனது. மேலே கைப்பேசி ஒலிக்கவில்லை.

அவள் கை நின்றது. இத்தனை நாளில் ஒருநாளும் தவறாத அந்த மணி. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லை. ஆறு ஐந்து. இல்லை. ஆறு பத்துக்குக் குடியிருப்பின் வாசலிலிருந்து அம்மா வெளியே வந்தாள். காலில் செருப்பு இல்லை. ஓடவில்லை, நடந்து வந்தாள், நிரம்பிய பாத்திரத்தைச் சிந்தாமல் தூக்கி வருகிறவளைப்போல.

“வந்திருக்கான்,” என்றாள்.

தையல்காரம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

“மணி அடிச்சுது, தொறந்தேன். நீலச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறான். அந்தச் சட்டை இன்னும் அலமாரியிலதான் இருக்கு, போய்ப் பாத்தேன். தாகம்னான். கேன்லேருந்து ஊத்திட்டு வரதுக்குள்ள கொழாயத் தொறந்துட்டான். குடிக்கிறான். டம்ளர் டம்ளரா. நிறுத்தவே இல்ல.” அம்மா ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். “என் புள்ள செத்தாலும் அந்தத் தண்ணியத் தொடமாட்டான்டி.”

அவள் அம்மாவைப் பிடிக்கக் கை நீட்டினாள். அம்மா அந்தக் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள். வாளியில் முக்கினாள். சுவரில் பசையைத் தடவி, மகனின் படத்தை எடுத்து, நான்கு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

“பிழையக்கா,” என்றாள் தையல்காரம்மா. “நீங்க இங்கதான இருக்கீங்க?”

தையல்காரம்மா மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாடி. அவர்கள் சன்னல். விளக்கு எரிந்தது. தம்பி. நீலச் சட்டை. உதட்டில் டம்ளர். தொண்டை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. அவனுக்குப் பக்கத்தில் ஒருத்தி. காதில் சிவப்புப் பென்சில். அவளும் குடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் மாடி. இன்னொரு விளக்கு. தையல்காரம்மாவின் கணவர். டம்ளர்.

பக்கத்துக் கட்டடம். நர்ஸ். அதற்கு மேல், கணக்கு வாத்தியார். எதிர்மூலையில் லாரிக்காரர். சன்னல் சன்னலாக. சுவரில் இருந்த அத்தனை முகங்களும். குடித்துக்கொண்டு. கீழே பார்த்துக்கொண்டு. ஒரே அளவுக்குச் சிரித்துக்கொண்டு.

லாரிக்காரரின் அப்பா தன் மகனின் பேரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். மேலே எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

யாரும் ஓடவில்லை. அவள் காலும் ஓடச் சொன்னது. அவள் ஓடவில்லை.

“பசை இருக்கா?” என்று கேட்டாள்.

“அரை வாளி இருக்கு,” என்றாள் தையல்காரம்மா.

அவள் காதில் இருந்த பென்சிலை உருவி இரண்டாக ஒடித்துச் சாக்கடையில் எறிந்தாள். அடுத்த தாளை எடுத்தாள். அவசரமாக ஒட்டினாள். சுவரில் இருந்ததை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள், முதல் சொல்லிலிருந்து. அம்மா சேர்ந்துகொண்டாள். பிறகு வாத்தியாரின் பிள்ளைகள். பிறகு எல்லாரும். தண்ணீர். தண்ணீரில். நஞ்சு.

சன்னல்கள் காலியாயின. எல்லாம், ஒரே நொடியில்.

படிப்பதை யாரும் நிறுத்தவில்லை. அந்தக் குரல்களுக்கு அடியில் காலடிச் சத்தம் கேட்டது. நிறையக் கால்கள். ஒரே தாளம்.

மூன்றாம் மாடிப் படிக்கட்டு விளக்கு எரிந்தது.

“நேரா ஒட்டுடி,” என்றாள் அம்மா. “கோணலா இருக்கு.”

இரண்டாம் மாடி விளக்கு எரிந்தது.

அவள் தாளை எடுத்து நேராக ஒட்டினாள்.

முதல் மாடி விளக்கு எரிந்தது.